வினிகரில் ஊறிய கல்

நிலவியல் படிக்கும் என் மகள், ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றில் எடுத்த கல்லோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய இறுதியாண்டு ஆய்வுக்கு அந்தக் கல்தான் ஆதாரம். அவள் பக்கத்து ஊரான தானா ராத்தாவுக்குப் போயிருந்தபோது, அழுக்காக இருக்கிறதே என்று குத்துவிளக்குத் துலக்கும் வினிகரில் அதை ஊறப்போட்டேன். மதியம் பார்த்தால் கல் நுரைத்துக் கரைந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தவளிடம், "உன் படிப்பையே கரைச்சிட்டேன்மா," என்று அழுதேன்.

கல்லை எடுத்துப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "ஐயோ அம்மா, நாங்களும் எசிட்லதான், இந்த மாதிரி அமிலத்துலதான் போடுவோம் லா! சுண்ணாம்பு கரையும், சிலிக்காவா மாறிட்ட இந்தச் சிப்பி கரையாது. பாரும்மா!"

அந்தக் குன்று கடலடியில் இருந்த காலத்துச் சிப்பி, வரிவரியாக மேலெழுந்து நின்றது.

கல்லைப் படித்து என்ன ஆகப்போகிறாளோ என்று இத்தனை நாள் பயந்திருந்தேன். அன்று மாலை நானே கேட்டேன்: "அடுத்த கல்லு எப்போ கொண்டாருவ?"