மூடாத குழாய்

போன வாரம் எலப்புள்ளியில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் பெயிண்ட் வேலை. தகரக் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்த் தூண்கள் பளபளவென்று இருந்தன. ஒரு தூணின் அடியில் மட்டும், சிமெண்டுத் தரையில் காப்பி சிந்தியதுபோல ஒரு கறை. "பெயிண்டு நல்லாத்தானுங்க இருக்குது, அந்தக் கறைய மட்டும் தேச்சு உட்டுருங்க" என்றார் வீட்டுக்காரர். சுரண்டியின் பிடியால் தூணைத் தட்டினேன். கணீரென்று வரவேண்டிய சத்தம் தொப்பென்று வந்தது. அடியில் சின்னதாகத் துளை போட்டதும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் கறுப்பாக ஒழுகியது. நாள்பட்ட இரும்புத் தண்ணீருக்கு ஒரு வாடை உண்டு. அது மூக்கில் ஏறியதும் வீட்டுக்காரர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. நினைப்பில் நான் ஏலப்பாறை மலைக்குப் போய்விட்டேன்.

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் இரும்பு எந்த ஊரில் எப்படிக் கெடும் என்று கேட்டால் கொஞ்சம் சொல்வேன். யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம். எங்கள் பக்கம் கணவாய் வழியாக வரும் வறண்ட காற்று. தை, மாசியில் அரிவாளை வெளியே மறந்து வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அதே இரும்பு கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைப் புகைக்குப் பக்கத்தில் நின்றால் ஒரே மழைக்காலத்தில் செம்பட்டையாகிவிடும். மாட்டுக் கொட்டகையில் தூணின் மேல்பாகம் புதுசாக இருக்கும், மூத்திரம் படுகிற ஒரு முழம் மட்டும் அரித்துப் போயிருக்கும். ஏலப்பாறை இன்னொரு விதம். அங்கே மழை விட்டாலும் மூடுபனி விடாது. காலையில் துடைத்த குழாய் தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். நம்பி அடித்தால், பெயிண்ட் ஈரத்தை உள்ளே வைத்து மூடிக்கொண்டு ஆறே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். பதினோரு மணிக்கு மேல் வெயில் எட்டிப்பார்க்கும் இரண்டு மூன்று மணி நேரம்தான் வேலைக்கு ஆகும். இந்த ஞானம் எனக்குச் செல்லத்துரை அண்ணாச்சி வீட்டுக் கக்கூஸ் கதவைக் கெடுத்ததில் வந்தது. அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அண்ணாச்சி அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துச் சின்ன கிறிஸ்தவக் கோயிலின் கோயில்பிள்ளை. பெருக்குவது, விளக்கு வைப்பது, மணியடிப்பது எல்லாம் அவர்தான். மணி தொங்கிய மரக்கம்பம் உளுத்துப் போனதால் இரும்பில் செய்யச் சொன்னார்கள். வேலை ஆறுச்சாமியின் பட்டறைக்கு வந்தது. ஆறுச்சாமியும் நானும் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. அவன் வெல்டிங், நான் பெயிண்ட். பல வருடம் ஜோடியாகவே போனோம். பேசுகிற வேலையும் அவனுடையதுதான். பல வீடுகளில் என்னை ஊமை என்றே நினைத்திருந்தார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

கோயிலுக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கி வேலை செய்தோம். அண்ணாச்சி வீட்டிலிருந்து கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வரும். "தம்பி ரெண்டு துண்டு கூடப் போட்டுக்கிடுங்க, மலைக்குளிருக்கு வயிறு நெறஞ்சாத்தான் கை ஓடும்" என்று அவர் மனைவி, அந்த அக்கா, வற்புறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு எங்களையும் பாயில் உட்காரவைத்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வேட்டிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு உயரமான குழாய்கள், நடுவே குறுக்குச் சட்டம், அதில் மணி. நிமிர்த்தி நட்டபிறகு இரண்டு குழாயின் மேல்வாயையும் தகடு வைத்துப் பற்றவைத்து மூட வேண்டும். மூடாவிட்டால் மழை உள்ளே இறங்கும். வெளியே எத்தனை கோட் அடித்தாலும் குழாய் உள்ளிருந்து கெட்டுவிடும். ஆறுச்சாமி ஒரு வாயை மூடினான். இரண்டாவதற்கு ஏறியவன் சீக்கிரமே இறங்கிவந்து, முகம் வெளுத்து, பீடி பற்றவைத்தான்.

"ரெண்டாவதையும் மூடீட்டியாடா?"

"மூடியாச்சு, மூடியாச்சு. நீ உன்ற வேலையப் பாரு. கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி வெக்கிறாப்பல எத்தன நாளைக்குடா தடவுவ?"

நான் ஏறினேன். இரண்டு வாயும் வழுவழுவென்று இருந்தன. முதலில் சிவப்பு, அடுத்து சாம்பல், அதன்மேல் பச்சை. ஒவ்வொரு கோட்டையும் வேறு நிறத்தில் அடிப்பது என் வழக்கம்; விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மணி முதல்முறை அடித்தபோது தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து நின்றார்கள். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சில வருடம் கழித்து அவர் போன் செய்தார். "தம்பி, மணிக்கம்பம் அடியில வெடிச்சுப்போச்சு. ஆளுக யாருக்கும் ஒண்ணுமில்ல. ஒருவாட்டி வந்து பாருங்க."

போனபோது கம்பத்தைப் புல்லில் படுக்க வைத்திருந்தார்கள். ஆட்கள் வெடித்த பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மறுமுனைக்குப் போனேன். ஒரு குழாயில் தகடு இருந்தது. இன்னொன்றில் என் பச்சைப் பெயிண்ட் விரிசல் விட்டிருந்தது. சுரண்டியை நுழைத்து நெம்பினேன். தகடு இல்லை, ஓட்டை அடைக்கிற பட்டி மாவுதான் பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே துணி. நீலக் கட்டம் போட்ட துணி. துடைப்பதற்காக நான் கிழித்து வைத்திருந்த என் பழைய சட்டை.

அந்த நேரத்தில் எனக்கு வந்த ஒரே நினைப்பு, இதை யாரும் பார்த்துவிடக்கூடாது, ஆறுச்சாமியின் மானம் போய்விடும் என்பதுதான். துணியை உருவி, போட்டிருந்த சட்டையின் ஜோபியில் திணித்தேன். திரும்பி வந்து, "என்ற தப்புதானுங்க அண்ணாச்சி. ஈரத்துல அடிச்சுட்டேன்" என்றேன். வாழ்க்கையில் பத்துப்பேர் முன்னால் நானாக வாய்திறந்து பேசியது அன்றுதான்.

அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆறுச்சாமி போன மாசமே, அடியில துரு தெரிஞ்சப்ப, வந்து பாத்துட்டுப் போனாருல்லா. 'இரும்புல கொறையில்ல, பெயிண்டுக்காரன் ஒரே கோட்டுல முடிச்சுட்டான்'னாரு. நான் அவருகூடச் சண்ட போட்டேன் தம்பி. எங்க வீட்டுல சாப்ட்ட புள்ள அப்படிச் செய்யாதுன்னேன். இப்ப நீங்களே சொல்லுதீக."

கையில் சுரண்டி இருந்தது. ஒரு கீறல் போட்டால் மூன்று நிறமும் தெரியும். ஜோபியில் துணி இருந்தது. ஆனால் ஒத்துக்கொண்ட பிறகு எதைக் காட்டுவது? சுரண்டியைப் பைக்குள் போட்டேன். அக்கா வாசலில் நின்றார். சாப்பிடக் கூப்பிடவில்லை.

ஊருக்கு வந்து துணியை ஆறுச்சாமியின் பட்டறை மேசையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"மேல கரண்டு தூக்கி அடிச்சுதுடா. உன்ற துணியவும் பட்டியவும் வெச்சு அடச்சுட்டு எறங்கீட்டேன். மறுக்கா ஏறிப் பத்தவெக்க மனசு வல்ல."

"அது செரி. எம்பேர எதுக்குடா சொன்ன?"

"நீதான் ஒண்ணும் பேச மாட்டியே" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான், பக்கத்துக் கடையில் தீப்பெட்டி வாங்கியதைச் சொல்வதுபோல.

அந்தக் கோயிலில் இப்போது மணி கிடையாது, ஒலிபெருக்கியில் மணிச்சத்தம் போடுகிறார்களாம். அண்ணாச்சி வேலை முடிந்து தென்காசிப் பக்கம் போய்விட்டார். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டாலும் போய் என்ன சொல்ல? ஆறுச்சாமியின் பட்டறை இருந்த இடத்தில் ரெடிமேட் கேட் விற்கிறார்கள். துத்தநாகத்தில் முக்கி எடுத்து, பிளாஸ்டிக் சுற்றி லாரியில் வந்து இறங்குகிறது.

நான் இன்னும் ஏணி ஏறுகிறேன். முன்பெல்லாம் ஆறுச்சாமி கீழே நின்று இரண்டு காலாலும் அண்டை கொடுத்து ஏணியைப் பிடித்துக்கொள்வான். நான் குனிந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது யாராவது பிடிக்க வந்தால் வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டுகிறேன். ஏணியை ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டு இறுக்கி, ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டு ஏறுகிறேன்.