ரெண்டு கிலோ கழிவு

பென்னாகரத்தில் வெங்கடாசலத்தின் புளி மண்டிக்கு முன்னால் சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலு பேர் கூடினால், பேச்சு புளி விலையைப் பற்றி இருக்காது. ராஜப்பனைப் பற்றித்தான் இருக்கும். ராஜப்பன் அந்த மண்டியின் டெம்போ டிரைவர். வயது முப்பத்தொன்பது. தர்மபுரி மாவட்டக் குத்துச்சண்டையில் ஏழு முறை ஹெவிவெயிட் சாம்பியன். அந்த ஏழில் ஐந்து முறை எதிரே ஆளே கிடையாது. களியும் கீரையும் தின்றுவிட்டு வெயிலில் வேலை செய்கிற சனம், தொண்ணூறு கிலோவுக்கு மேலே எங்கே போய் ஆள் பிடிப்பது? ராஜப்பன் ரிங்கில் ஏறி நிற்பான், நடுவர் அவன் கையைத் தூக்குவார், கோப்பையோடு இறங்கி வருவான்.

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பப்பூ சக்கரைங்கண்ணா இது," என்பான் நவநீதன். செல்போன் கடைக்காரன். வெளிநாட்டுச் சண்டையெல்லாம் போனில் பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்கிறவன். "சும்மா நின்னு வாங்குன கோப்பைக்குப் பேரு சாம்பியனா? மண்டலப் பட்டம் ஒண்ணாச்சும் வாங்கிருக்கறாரா? வயசும் ஆயிப்போச்சு, காலே நகர மாட்டேங்குது."

"அட போடா! எதுத்து வர ஆளில்லன்னா அது அவன் தப்பா?" வெங்கடாசலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "போன வருஷம் சேலத்துக்காரன அடிச்ச அடி மறந்துருச்சா? நாப்பது முடிஞ்சா ஏற வுட மாட்டாங்க. இந்த வருஷந்தான் கடைசி. மண்டலப் பட்டம் பென்னாகரத்துக்கு வருதா இல்லியான்னு பாரு."

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ராஜப்பன் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவனை வைத்துக்கொண்டே, செத்துப்போனவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார்கள். இந்தப் பேச்சில் சேராத ஒரே ஆள் ஹபீப். டெம்போவில் கூடவே போய் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். ரிங்கிலும் பத்து வருஷமாக அவன்தான் ராஜப்பனுக்குக் கார்னர். தண்ணீர் கொடுப்பது, துடைத்துவிடுவது எல்லாம் அவன் கை. அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சும்மா இருப்பான்.

சேலத்துக்காரனை ராஜப்பன் அடித்தது எல்லோருக்கும் தெரியும். சேலத்துக்காரன் அடித்தது ராஜப்பனுக்கு மட்டும்தான் தெரியும். இடது கண்ணில் விழுந்த அந்த ஒரு குத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் ஒரே புகை. மனைவி பாஞ்சாலிக்குக்கூடச் சொல்லாமல் டாக்டரிடம் போய்க் காட்டினான். "உள்ள திரை கிழிஞ்சிருக்குங்க. வெளிச்சமாச்சும் தெரியுதே, இன்னொரு அடி பட்டா அதுவும் போயிரும்," என்றார் அவர். குத்துச்சண்டையை விடச் சொன்னார், வண்டி ஓட்டுவதையும் விடச் சொன்னார்.

குத்துச்சண்டையை அன்றைக்கே மனசுக்குள் விட்டுவிட்டான். வண்டியை எப்படி விடுவது? பதினெட்டு வயதிலிருந்து ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்துப் பிழைத்ததில்லை. கண்ணைப் பற்றிச் சொன்னால் லைசென்ஸ் போகும். சொல்லாவிட்டால் வெங்கடாசலம் விடமாட்டார், ரிங்கில் ஏற்றிவிடுவார், கண் போகும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது. இதற்கு நடுவில் வெங்கடாசலம் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வேறு கட்டிவிட்டார். அதில் ராஜப்பனுக்கு இரண்டு கண்ணும் நெருப்பாக எரிந்தது. அந்தப் பக்கம் வண்டி போகும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

ஒரே ஒரு சந்து இருந்தது. ஹெவிவெயிட் என்றால் தொண்ணூறு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். எடை போடும்போது நூறு கிராம் குறைந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். யார் மேலும் பழியில்லை, கண்ணைப் பற்றிய பேச்சும் வராது. ராஜப்பன் அதைப் பிடித்துக்கொண்டான். பாஞ்சாலி போடுகிற களியில் பாதியை மாட்டுத் தொட்டியில் கரைத்தான். வெங்கடாசலம் தினமும் கொடுத்தனுப்பும் ஆறு முட்டையையும் ஏரியூர் ரோட்டில் வண்டியை நிறுத்தி நாய்களுக்குப் போட்டான். அந்த நாய்கள் கொழுத்துப் பளபளவென்று ஆகிவிட்டன.

தினமும் ஐந்து மணிக்கு மண்டியின் எடை மிஷின்மேல் அவனை ஏற்றிப் பார்ப்பார்கள். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு என்று இறங்கிக்கொண்டே வந்தது. மண்டலப் போட்டிக்குக் கிளம்பிய காலையில் எண்பத்தெட்டு புள்ளி ஆறு. "போச்சு, எல்லாம் போச்சு!" என்று நவநீதன் தலையில் அடித்துக்கொண்டான். திட்டுவதற்குக்கூட அவனுக்கு ராஜப்பன் ரிங்கில் ஏறியாக வேண்டும். ராஜப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெங்கடாசலம் மட்டும் சிரித்துக்கொண்டே, "வண்டில ஏறுங்கடா, நேரமாச்சு," என்றார்.

தர்மபுரியில் போட்டி நடத்துகிறவர்களின் மிஷின்மேல் ஏறி நின்றான். தொண்ணூறு புள்ளி ஆறு.

ராஜப்பன் இறங்கி, மறுபடி ஏறினான். தொண்ணூறு புள்ளி ஆறேதான்.

வெங்கடாசலம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நம்ம மிஷின்ல சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழியறாப்பல செட் பண்ணி வெச்சிருக்குதில்ல! சொன்னா மெதப்புல சாப்பிட மாட்டான்னுதான் கமுக்கமா இருந்தேன்."

அடப்பாவி மனுசா! புளி கொண்டுவருகிற ஒவ்வொரு குடியானவனும் அந்த இரண்டு கிலோவுக்காக வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்வதைப் பதினொரு வருஷமாக ராஜப்பன் காதால் கேட்டவன். அதே மிஷின்மேல் மாதக்கணக்காகத் தானே ஏறி நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. இவனுக்கு மேலே சாக்கு இல்லை என்று மிஷினுக்குத் தெரியுமா?

அடுத்தது டாக்டர். சின்ன வயதுப் பெண். ரத்த அழுத்தம் பார்த்தார், கை எலும்பை அழுத்திப் பார்த்தார். "வலது கண்ண மூடுங்க. இது எத்தனை விரல்?" என்றார்.

ராஜப்பனுக்கு முன்னால் புகை மட்டும் இருந்தது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் இப்போதே வெளியே போய்விடலாம். ஆனால் பின்னால் வெங்கடாசலமும் நவநீதனும் நின்றுகொண்டிருக்கிறார்கள். நாளைக்கு வண்டிச் சாவியை யார் தருவார்கள்? அப்போது முதுகில் மெதுவாக மூன்று தட்டு விழுந்தது.

ஹபீப்பின் கை. வண்டி ரிவர்ஸில் போகும்போது பாடியைத் தட்டிச் சொல்வானே, ஒரு தட்டு என்றால் வா, இரண்டு என்றால் நில், அதே கை. முன்னெல்லாம் வலது பக்கம் நின்று தட்டுவான். ஒரு வருஷமாக, யாரும் சொல்லாமலே, இடது பக்கம் போய் நிற்கிறான். அதை ராஜப்பன் இப்போதுதான் யோசித்தான். தட்டுக்குக் கட்டுப்பட்டே பழகின உடம்பு, யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"மூணுங்க."

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

கார்னரில் ஹபீப் கிளவுஸ் கட்டிவிடும்போது ராஜப்பன் குனிந்து கேட்டான். "ஏன்டா தட்டுன? நான் எப்படியாச்சும் வெளிய போயிரலாம்னு பாத்தேன்டா."

ஹபீப்பின் கை நின்றது. "பட்டம் வேணும்னுதான நீ மறைக்கறன்னு நெனச்சேன் மச்சா."

"பட்டமாடா? லைசென்ஸுக்குடா."

மணி அடித்துவிட்டது. எதிரே கிருஷ்ணகிரிக்காரன், இருபத்துமூன்று வயது, குதித்துக் குதித்து வந்தான். முதல் குத்து எங்கிருந்து வந்தது என்றே ராஜப்பனுக்குத் தெரியவில்லை. காதோரமாக உரசிக்கொண்டு போனது. அடுத்ததைத் தடுக்க ராஜப்பன் கையைத் தூக்கினபோது, ரிங்கின் நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு வந்து விழுந்தது. ஹபீப் வீசிய துண்டு. கார்னர்க்காரன் துண்டை வீசினால் சண்டை முடிந்தது. முப்பது விநாடிகூட ஆகியிருக்காது.

வெங்கடாசலம் ஹபீப்பை அடிக்காத குறைதான். ஏன்டா வீசினே என்று கேட்டதற்கு, "என்னமோ பயந்துட்டேங்க," என்று மட்டும் சொன்னான். "இனிமே மண்டிப் பக்கம் உன் தலை தெரியக்கூடாது," என்றார் வெங்கடாசலம். ராஜப்பன் எதிரிலேயே நின்றான். சீ, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டதோடு சரி.

அடுத்த வாரம் மறுபடி ஐந்து மணி, மறுபடி நாலு பேர். இப்போது நவநீதனும் கட்சி மாறிவிட்டான். "அந்தத் துண்டு மட்டும் வுழலன்னா பட்டம் நம்மளுதுங்கண்ணா. அண்ணன் கைய எடுத்த எடுப்பப் பாத்தீங்களா?" குடோன் வாசலுக்கு இடது ஓரத்தில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ராஜப்பன் லோடு வண்டியை ரிவர்ஸில் போட்டான். இடது கண்ணாடியில் புகை. தட்டுவதற்கு ஆளில்லை. அந்தப் புகைக்குள் எங்கேயோ நாலு உயிர் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"மொதலாளி, ஹபீப் மேல தப்பில்லைங்க. எனக்கு எடது கண்ணு தெரியாது. ஒரு வருஷமாவே தெரியாதுங்க."

வெங்கடாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாடா நவநீதா? தன்னக் கவுத்தவனக் காப்பாத்தறதுக்குத் தன் கண்ணையே இல்லங்கறான். இவன்தான்டா சாம்பியன்."

"நெசமாத்தானுங்க மொதலாளி," என்றான் ராஜப்பன்.

"யார்கிட்ட ராஜப்பா கத வுடற? டாக்டரம்மா வெரலக் காட்டுனப்ப மூணுன்னு பட்டுனு சொன்னியே, நாங்க பக்கத்துலதான நின்னோம்?" எழுந்து வந்து அவன் தோளைக் கட்டிக்கொண்டார். "உன் மனசு யாருக்கு வரும்! சரி, போ. லோடு நிக்குது பாரு, வண்டிய உள்ள போடு."

நவநீதன் அதற்குள் போனை எடுத்து ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்திருந்தான். ராஜப்பன் திரும்பப் போய் வண்டியில் ஏறினான். ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரும் தட்டவில்லை.