கிளாஸில் தொங்கிய கத்தரித் தண்டுகள்

செடிக்கும் மனிதனைப் போல நரம்பு ஓடும், ஊசி குத்தி இழுத்தால் சாறு வரும் என்றுதான் நான் நம்பினேன். அந்த நம்பிக்கையில், சர்க்கரைக்கு நான் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியை, வாடிய கத்தரிச் செடிக்கு என்ன நோய் என்று பார்க்க அதன் தண்டில் குத்தினேன். சாறு வரவில்லை. ஊசி வளைந்தது. வியர்த்தது எனக்குத்தான்.

கத்தரிப் பாத்தி என் மனைவியுடையது. பூச்சோங்கில் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்ததால் அவள் அங்கே போயிருந்தாள். கிள்ளான் வீட்டுப் பின்புறத்தில் அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்த செடிகளை என் பொறுப்பில் விட்டு, "ஒண்ணு போச்சுன்னாலும் உங்களைச் சும்மா விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள். அவள் போன வாரமே ஒரு செடி, இலையெல்லாம் பச்சையாக இருக்கும்போதே, தலையைத் தொங்கப் போட்டது. தண்ணீர் ஊற்றினேன். இன்னும் தொங்கியது. திட்டினேன், கெஞ்சினேன். பெண்டாட்டியின் செடிதானே, என் பேச்சை எங்கே கேட்கும்?

பக்கத்து ஊரான மேருவில் உரக்கடை வைத்திருப்பவருக்குப் போன் போட்டேன். ஊசிக் கதையைக் கேட்டுச் சிரித்து ஓய அவருக்கு நேரம் பிடித்தது.

"செடிக்குப் பிரஷரும் பாத்துடுங்க லா அண்ணே."

"விளையாடாதீங்க பாஸ். அவ வந்தா என்னைத்தான் வேரோட பிடுங்குவா."

"அடித்தண்டுல ஒரு துண்டு வெட்டுங்க. கண்ணாடி கிளாஸ்ல தண்ணி ஊத்தி, வெட்டின முனை தண்ணில படுற மாதிரி தொங்கவிடுங்க. பால் மாதிரி நூல் நூலா இறங்குச்சுன்னா பாக்டீரியா வாடல். மண்ணு வழியா பரவும்."

தொங்கவிட்டேன். வெள்ளை நூல் இறங்கியது. 'பரவும்' என்ற சொல் மண்டைக்குள் சுற்ற ஆரம்பித்தது. பக்கத்துச் செடிக்கும் இருந்தால்? கத்தியை வெந்நீரில் கழுவினேன். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. அதன் அடித்தண்டிலும் ஒரு துண்டு வெட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அந்த நிம்மதி ருசித்துவிட்டது. அதற்கடுத்த செடி, அதற்கும் அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தேன். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த கிளாஸெல்லாம் மேசைக்கு வந்துவிட்டன. ஒன்றிலும் நூல் இல்லை. பிள்ளைகள் எல்லாம் பரீட்சையில் தேறிவிட்டது போன்ற பூரிப்பில் மனைவியை அழைத்தேன்.

"ஒரு செடிக்குத்தான் நோவு. மத்ததெல்லாம் சுத்தம். நானே டெஸ்ட் பண்ணிட்டேன்!"

"நீங்களா? எப்படி?"

விவரித்தேன். 'அடித்தண்டு' என்று சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"எல்லாத்தையுமா வெட்டுனீங்க?"

நோய் வந்தது ஒரு செடிக்கு. மற்ற அத்தனையும் நல்ல செடிகள். அவற்றை வெட்டிக் கொன்றது நான்.