மிக்லேனாவின் நேரம்

ஸ்னேஜானா ஒரு கையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்சாத் துண்டைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் திட்டிக்கொண்டிருக்கிறாள். மறுமுனையில் பக்கத்துப் பண்ணைக்காரன். "உன் மின்வேலியைக் கொஞ்சம் நிறுத்துய்யா! உன் ஆடு எங்கயும் ஓடிடாது. இங்க வானம் முழுக்க உன் வேலிதான் டிக்கு டிக்குனு கேக்குது!"

தோப்ருஜாவின் சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே நிற்கும் ரேடியோ தொலைநோக்கிக் கிண்ணங்கள் எப்போது எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசை போடுபவள் அவள். விசைப்பலகையில் கொட்டும் பொருக்கை ஊதித் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வாள். ஒவ்வொரு நோக்கலுக்கும் முன்னும் பின்னும், ரேடியோ அலைகளின் பலம் ஏற்கெனவே தெரிந்த ஒரு விண்பொருளைக் கிண்ணங்களுக்குக் காட்டியாக வேண்டும். அதை வைத்துத்தான் நடுவில் கிடைத்ததைத் திருத்த முடியும். அதற்கு அவள் வைத்த பெயர் 'சாட்சி'.

ஒரே ஒரு முறை இளகினாள். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு செத்த விண்மீன்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை நெருங்கும் நாள் அது. ஆராய்ச்சிக்காரி மிக்லேனா ஸ்னேஜானாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிக்லேனாவின் தற்காலிக வேலை நீடிப்பது இந்த முடிவைப் பொறுத்திருந்தது.

"அக்கா, இப்பதான் நெருங்குது. கடைசி சாட்சிய விட்டுடுங்க. அந்த நேரத்தையும் எனக்கே குடுங்க."

"சரி, எடுத்துத் தொலை. அழாதே."

கொஞ்ச நேரத்தில் மேற்கே வானம் கறுத்தது. ஈரக்காற்று ஒவ்வொரு கிண்ணத்தின் கணக்கையும் ஒவ்வொரு பக்கம் இழுத்தது. புயல் வந்துவிட்டது, கிண்ணங்களை நிமிர்த்திப் பூட்டினார்கள். மறுபடி திறந்தபோது பழைய நிலை எதுவும் மிச்சமில்லை. கடைசி சாட்சி இல்லாததால், பதிவில் இருந்த நடுக்கம் விண்மீன்களுடையதா, காற்றுடையதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"நான்தானே அக்கா கேட்டேன்" என்றாள் மிக்லேனா. அவள் திட்டியிருந்தால்கூட ஸ்னேஜானாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். வேலை நீடிக்கவில்லை; இப்போது மிக்லேனா வார்னா நகரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு யார் நேரம் கேட்டு வந்தாலும், வாய் திறக்கும் முன்பே ஸ்னேஜானா "முடியாது" என்கிறாள். "அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுல கல்லுதான் இருக்கு" என்று தாழ்வாரத்தில் பேசிக்கொள்கிறார்கள். காதில் விழுகிறது. மறுப்பதில்லை. சாப்பாட்டுக்கும் அவர்களோடு போவதில்லை.

போன வாரம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அந்த விண்மீன்கள் அடுத்து நெருங்கும் ஆண்டைத் திரையில் தேடினாள். அதற்குள் அவள் ஓய்வு பெற்றிருப்பாள். நோக்கல் வரிசையில் அந்த நாளுக்கு நேரே மிக்லேனாவின் பெயரைத் தட்டினாள். அவ்வளவு தொலைவான ஆண்டை ஏற்க முடியாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. இன்னொரு முறை தட்டினாள். அப்போதும் அதே சிவப்பு.

பெயரை ஒரேயடியாக அழிக்கவில்லை. கடைசி எழுத்திலிருந்து, ஒவ்வொன்றாக அழித்தாள்.