கருவறையில் மூன்று நிமிடம்

"டீயில சீனி கொஞ்சமாப் போடணும் அண்ணாச்சி, கேக்குதா?"

நைல் நதிக் கப்பலின் மேல்தளத்தில் சொர்ணாம்பாள் அக்கா இப்படிக் கத்துகிறாள். டீ கொண்டுவரும் எகிப்துக்காரர் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய், சீனி குறைத்துத்தான் கொண்டுவருகிறார். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பயணம் முழுக்க இந்தக் கூத்துதான்.

அக்கா பாளையங்கோட்டையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊராருக்கு வெளியூர் டிரங்கால் போட்டுக் கொடுத்துக் கத்திக் கத்தித் தொண்டை அந்த உச்சத்திலேயே நின்றுவிட்டது. பேச்சுக்கு நடுவே அடிக்கடி ஒரு 'கேக்குதா' வந்துவிடும். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். அவளிடம் லைன் கேட்டு வந்தவர்களில் ஒருத்தி தூத்துக்குடி இஞ்ஞாசியம்மாள்; புருஷன் கப்பல்காரர். எகிப்தில் கப்பல் நிற்கும்போதெல்லாம் அவருக்கு லைன் போட்டுக் கொடுத்தது அக்காதானாம். "அந்தப் பக்கத்து எக்ஸ்சேஞ்சுல ஒருத்தி 'ஹலோ'ம்பா. அவ கொரலு எனக்கு அத்துப்படி. அவ ஊர ஒரு தடவ பாத்துரணும்னு அன்னைக்கே நெனச்சேன்," என்றாள். கணவர் ஞானசம்பந்தன் வர மறுத்துவிட்டார். "மணலப் பாக்கதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்? உடன்குடித் தேரிக்காட்டு மணலு போதாதாக்கும்?" என்றாராம்.

இது தொண்ணூற்றாறு ஜனவரி. சென்னையிலிருந்து கிளம்பிய அந்தச் சுற்றுலாக் கூட்டத்தில் திருநெல்வேலிக்காரர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஊர்க்காரி ஆயிற்றே என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டைக் கொடுத்தார்கள். என் காது போயிற்று.

பிரமிடைப் பார்த்ததும் மற்றவர்கள் கேமராவைத் தேடினார்கள். அக்கா, "ஏ யப்பா!" என்று கையைத் தட்டிக்கொண்டே ஓடிப்போய் அடிக்கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். "வெயிலு பட்ட பக்கம் சுடுது, இந்தப் பக்கம் குளுருது. வந்து தொட்டுப் பாரு தம்பி!" கார்னக் கோயில் வாசலில் வரிசை வரிசையாகக் கல் ஆடுகள். "நம்மூர்ல நந்தி ஒண்ணுதான். இங்கன கெடாயாப் புடிச்சு உக்கார வச்சிருக்கான்!" உள்ளே படிக்கட்டு வைத்த குளம் ஒன்று கண்ணில் பட்டதுதான் தாமதம், "தெப்பக்குளம்! தம்பி, தெப்பக்குளம்!" என்று காலலம்ப இறங்கப் போய்விட்டாள். காவலாளி விசில் ஊத, நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். மானம் போயிற்று. ஆனால் சொல்லத்தான் வேண்டும், அவள் காட்டியிருக்காவிட்டால் அந்தக் குளத்தை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

நைல் கரையில் எட்ஃபூ என்ற ஊருக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் வழிகாட்டி மஹ்மூது ஒரு சேதி சொன்னார். அங்குள்ள கோயிலின் கடைசி அறைக்குள் அந்தக் காலத்தில் ராஜாவும் பூசாரியும் மட்டுமே போகலாமாம். இப்போது யார் வேண்டுமானாலும் போகலாம். நான் தமிழில் சொன்னதும் அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரு வேணும்னாலுமா? நான் கூடவா?"

"டிக்கெட் எடுத்த யாரும் போலாம்க்கா."

"பெறந்ததுலேருந்து நெல்லையப்பர எட்டி எட்டித்தான் பாத்திருக்கேன். முன்னால நிக்கவன் தலை, அவனுக்கு முன்னால இன்னொருத்தன் தலை. உள்ள ஒரு வெளக்கு தெரியும். அம்புட்டுதான். எந்தச் சாமியானாலும் சரி, ஒரு தடவ உள்ள போயி நின்னுரணும் தம்பி." முதல் முறையாகக் கத்தாமல் பேசினாள்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் குளித்து, பட்டுச்சேலை உடுத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு தயாராக நின்றாள். கரையிலிருந்து குதிரை வண்டியில் போனோம். "ஒரு மணி நேரம். அதற்குமேல் கப்பல் நிற்காது," என்றார் மஹ்மூது. வாசலில் அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"இங்கே பூசை நின்று எத்தனையோ நூறு வருஷமாச்சுக்கா."

"பூசை நின்னா கோயிலு இல்லன்னு ஆயிருமா?"

சரி, உள்ளே போவாள் என்று பார்த்தால் போகவில்லை. மதிலுக்கும் கோயிலுக்கும் நடுவே நம்மூர்ப் பிராகாரம் மாதிரியே ஒரு நீளப் பாதை. அதைக் கண்டுவிட்டாள். சுற்றாமல் உள்ளே போகிற வழக்கம் நமக்கு உண்டா? மூன்று சுற்று. அதுவும் பைய, ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு. அவள் சுற்றி முடித்து வரும்போது மற்றவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். கிளம்பலாம் என்று மஹ்மூது கொடியைத் தூக்கிவிட்டார்.

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு தூரம் வந்து, வாசலோடு திரும்புவதா! மூன்று விரலை நீட்டினாள். "மூணு நிமிசம் தாரும் அண்ணாச்சி. டிரங்காலுக்கே மூணு நிமிசம் உண்டு. கேக்குதா?"

மஹ்மூது வண்டியைப் பார்த்தார், அவள் வெறுங்காலைப் பார்த்தார். தன் தலையில் அடித்துக்கொண்டு, "கேக்குதா, கேக்குதா!" என்று உள்ளே போகச் சொல்லிக் கையை வீசினார். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அக்காதான்.

ஓடினோம். முற்றம், தூண் மண்டபம், அடுத்த மண்டபம். உள்ளே போகப் போகத் தரை உயர்ந்து கூரை தாழ்ந்தது, வெளிச்சம் குறைந்தது. கடைசி அறை. நடுவில் பளபளவென்று ஒற்றைக் கல் மாடம். சாமி இல்லை, ஆளும் இல்லை. நிலைப்படியில் அக்கா நின்றுவிட்டாள்.

"போங்கக்கா, நேரமாகுது!"

"போவணும்னுதான் நிக்கேன். காலு வரமாட்டேங்கு தம்பி. பயமாருக்கு."

எனக்கு எரிச்சல் எல்லாம் போய்விட்டது. அவள் கண்ணை இறுக மூடி, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். கும்பிடுவாள் என்று நினைத்தேன். அவளோ மாடத்துக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"தம்பி, நீ கொஞ்சம் பின்னால போ. எட்டிப் பாக்காத, சும்மா நில்லு."

போனேன்.

"இன்னும் பின்னால!"

தூண் மண்டபத்தைத் தாண்டினேன். முற்றத்து வெயிலுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் உள்ளே கும்மிருட்டு, அக்கா கிடையாது. குரல் மட்டும் அத்தனை வாசலையும் தாண்டிக் கணீரென்று வந்தது.

"ஏ தம்பி! நீ முழுசாத் தெரியுத! சட்டப் பொத்தான் கூடத் தெரியுது! இங்கன நின்னா எல்லாம் தெரியுதுலே! கேக்குதா?"

"கேக்குதுக்கா!" என்று நானும் கத்தினேன். ஏனென்று தெரியவில்லை, எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

கப்பல் காத்திருந்தது.

ஊர் திரும்பியபின், ஆனித் திருவிழாவன்று நெல்லையப்பர் கோயிலுக்குப் போனேன். சந்நிதி முன்னால் சரியான நெரிசல். ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அக்காவைத் தேடினேன், காணவில்லை. திரும்பினால், சந்நிதிக்கு நேர் எதிரே, கொடிமரத்தடியில் வெளிச்சமாக இருந்த இடத்தில் தனியாக நிற்கிறாள். எட்டவும் இல்லை, எக்கவும் இல்லை. முந்தானையைச் சரிசெய்து, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, ரயிலில் இருக்கிற சொந்தக்காரருக்குக் காட்டுவது போல உள்ளே பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினாள்.