தாணு அழிக்காத வரிகள்

போன செவ்வாய்க்கிழமை காலை, கழக்கூட்டம் சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது, பழைய ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தாணு காலமாகிவிட்டார், மாரடைப்பு. நல்ல மனிதர் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும், "பாவம், அந்த ஒரு தப்புல அவரு பேரு கெட்டுப்போச்சு" என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

தாணுவை அறிந்தவர்களுக்கு அந்தத் தம்பானூர் ஆபீஸ் நினைவிருக்கும். லாட்ஜுக்கு மேலே ஒற்றை ஹால். பழைய டேட்டாபேஸ், வேர்டு, பிடிஎஃப் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், கேட்கிற வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்போம். தாணுவும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், இருவருமே நாகர்கோவில் பக்கம். கோப்பை மாற்றுவது என் வேலை. அதில் வெற்று வரிகளை அழித்து, சுத்தமாக்கி அனுப்புவது அவர் வேலை. ஒவ்வொரு முறையும் கேட்பார்: "கடைசி வரி பாத்தீரா ஓய்?" முதல் பக்கம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும், கோளாறெல்லாம் அடியில்தான் என்பது அவர் கட்சி. "உம்ம கல்யாணப் பத்திரிகையையும் கடைசி வரியிலேருந்துதான் வாசிச்சீரா வே?" என்று நான் கேலி செய்வேன். சிரிப்பார். மறுநாளும் கேட்பார்.

ஒருமுறை ஒரு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்களின் பட்டியல் வந்தது. பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் இருந்தன. பழைய எக்ஸெல் வடிவம்தான் வேண்டும் என்றார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளில் அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு வரிக்கு மேல் நிற்காது. பட்டியல் அதைவிட நீளம். சேமிக்கும்போது ஓர் எச்சரிக்கை வந்தது. ஊருக்குப் போகும் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், வாசிக்காமலே 'ஓகே' அழுத்தினேன். தாணு வழக்கம்போல் கேட்டார். "பாத்தாச்சு வே" என்றேன். நான் பார்க்கவில்லை.

பட்டியலின் கடைசியில் இருந்தவர்களுக்கு ஹால்டிக்கெட் போகவே இல்லை. தேர்வு முடிந்தபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தாணு வெளிறிய முகத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"சுப்பு, நீரு குடுக்கும்போ ஃபைல் முழுசாத்தானே இருந்திச்சு? வெற்று வரி அழிச்சப்போ நாந்தான் அதையும் சேத்து அழிச்சுட்டனோ?"

அதற்குள், அவருக்கு அனுப்பும் முன் என் கம்ப்யூட்டரில் சேமித்திருந்த பிரதியைத் திறந்து பார்த்திருந்தேன். சரியாக அந்த எண்ணிலேயே அது முடிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் சொன்னேன்: "இருக்கலாம் வே."

அன்று மாலையே அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதோடு விடவில்லை. ஹால்டிக்கெட் வராத பெண் ஒருத்தி ஆபீசுக்குப் போன் செய்து அழுதிருந்தாள். பெயர் யமுனா, கல்லாற்றில் வீடு. நேரில் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கிளம்பினார். என்னைத் துணைக்குக் கூப்பிட்டார், போனேன். அவள் அழவில்லை. "இனி எனக்கு வயசு கழிஞ்ஞு சாரே" என்று மட்டும் சொன்னாள். அந்த வேலைக்கான வயது வரம்பு அவளுக்குத் தாண்டிவிட்டிருந்தது. தாணு கைகூப்பி, "என் கைப்பிழை மோளே" என்றார். அவளுடைய அம்மா கொடுத்த டீயைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். வெட்கங்கெட்டவன், அதை முழுவதும் குடித்தேன்.

பிறகு அவர் கழக்கூட்டத்தில் வேறு வேலைக்குப் போனார். எப்போதாவது பஸ்சில் பார்ப்பேன். எனக்கு உட்கார இடம் பிடித்து வைப்பார். ஒவ்வொரு முறையும், இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். என் நிறுத்தம் வந்துவிடும்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி சொன்னார்: "ஃபோன்ல பழைய மெசேஜக்கூட அழிக்க மாட்டாரு அண்ணே. 'எனக்கு அழிக்கக் கை வராது, நீயே அழிச்சிரு'ன்னு எங்கிட்ட நீட்டுவாரு."

தலையை ஆட்டிவிட்டு வந்து பஸ் ஏறினேன்.

எத்தனை கம்ப்யூட்டர் மாற்றினாலும் அந்தப் பிரதியை மட்டும் கூடவே கொண்டுவந்திருக்கிறேன். தாணுவின் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான். அவர் கை படாத கோப்பு, அதிலேயே பட்டியல் பாதியில் நிற்கிறது. அவருடைய மனைவிக்கும், குழுவில் பரிதாபப்பட்டவர்களுக்கும், யமுனா எங்கேயாவது இதை வாசித்தால் அவளுக்கும் சொல்கிறேன். வெற்று வரிகளைத் தவிர தாணு எதையும் அழிக்கவில்லை.

கடைசி வரி நான் பாக்கல்ல ஓய்.