குளிரின் மேல் பழி

சென்னையில் குளிருகிறது என்று சொல்கிறவர்களை நான் எப்போதுமே நம்பியதில்லை. அதிலும் எங்கள் ராயபுரத்தில், ஹார்பரையும் கடலையும் முதுகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஊரில், குளிருதாம்! அடப் போங்கய்யா என்று தோன்றும். ஆனாலும் எங்கள் வீட்டில் டிசம்பருக்கு ஒரு பயம் உண்டு. சின்னவளுக்கு வீசிங். பனி இறங்கினால் எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் கூடவே இறங்கித் தெருவில் படுத்துக்கொள்ளும். கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் பிள்ளையின் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் அந்த மாதம் முழுக்க ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஹவுசிங் போர்டு வீட்டின் ஒரே ஹாலுக்குள் அடைந்து கிடப்போம்.

அடைந்து கிடக்கிற பிள்ளைக்குப் பொழுது போக வேண்டும். போகவில்லையென்றால் அழுவாள், அழுதால் இருமுவாள், இருமினால் நான் ஆட்டோ தேட வேண்டும். டிவியை எத்தனை நேரம்தான் பார்ப்பது? போன் கொடுத்தால் அக்காவும் தங்கையும் அடித்துக்கொள்வார்கள். கடைசியில் கட்டிலுக்குப் பின்னாலிருந்து கேரம் போர்டு வெளியே வரும். அது சாதாரண போர்டு இல்லை, என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் தெரு கிளப்பில் ஆடி ஜெயித்துக் கொண்டுவந்த கனமான போர்டு. ஈரக்காலத்தில் அது தண்ணீர் குடித்து ஊறிப்போகும், ஸ்ட்ரைக்கர் நகராது. ஆகவே உத்தரத்தில் ஒயர் கட்டி, போர்டுக்கு நேர் மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, ஆட்டத்துக்கு முன்னால் நன்றாகக் காயவைப்போம். போரிக் பவுடர் டப்பாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். சின்னவள் போர்டின் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, "ரெடி நைனா!" என்று கத்துவாள். அப்புறம் அவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பனியனோடு உட்கார்ந்தாரென்றால் எழுந்திருக்க மாட்டார். சிவப்புக் காயினைப் போட்டு, அதற்கு ஃபாலோவையும் போட்டு, எங்கள் மூன்று பேரையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டுத்தான் டீ கேட்பார்.

நான் சொல்ல வந்தது போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரைப் பற்றி. வங்கக்கடலில் புயல் சின்னம். சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, பெரியவளுக்குக் காலேஜ் லீவு. ஹார்பர் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடும் கிளியரிங் ஆபீசில், நான் வேலை செய்கிற இடத்தில், முழங்கால் தண்ணீர். காற்று ஏறினால் ஹார்பரில் கிரேனை நிறுத்திவிடுவார்கள், கிரேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரரும் வீட்டில். நான்கு பேரும் ஒரே ஹாலில். சின்னவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பல்பைப் போட்டாள், போர்டைத் தொட்டுப் பார்த்தாள், கத்தினாள்.

அவர் வரவில்லை. "போர்டு நல்லா ஊறிப்போச்சும்மா, நீங்க ஆடுங்கோ. நான் அம்பயரா கீறேன்," என்றார்.

கேரம் போர்டைப் பார்த்தால் சோற்றை மறக்கிற மனுஷன் அம்பயராம்! எனக்கு அப்போதே மூக்கு வியர்த்தது. என் பிழைப்பே அப்படி. பேப்பரில் பிளாஸ்டிக் பொம்மை என்று எழுதியிருந்தால், பெட்டிக்குள் உண்மையில் என்ன இருக்கும் என்று யோசிக்கிற வேலை. மறுநாள் பெண்கள் விடாமல் இழுத்து உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தார், ஆனால் இடது கையால் ஆடினார். "உங்களுக்கும் ஒரு சான்ஸ் தரணும்ல?" என்று சிரித்தார். தலையில் குரங்குக் குல்லா, உடம்பில் என் பழைய சால்வை, வலது கை சால்வைக்குள். டிசம்பரிலும் பனியனோடு திரிகிறவர்!

"இன்னாய்யா, புதுசா குளிருது?"

"வயசாவுதுல்ல மே."

டீயை அரை டம்ளர்தான் வாங்கினார். அதையும் எங்களோடு உட்கார்ந்து குடிக்காமல் அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்று குடித்தார். நான் பாத்திரம் எடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். டம்ளர் ஆடியது. அரை டம்ளர் டீயே ததும்பி விரலில் வழிந்தது.

அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். அவர் ஒரு காலத்தில் மொடாக்குடியர். சின்னவளை முதல் முறை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நான் ஓடியபோது, இந்த மனுஷன் ஒயின் ஷாப் வாசலில் விழுந்து கிடந்தார். மறுநாள் தெளிந்து வந்து, மாதா கோயிலில் முட்டி போட்டு, இனிமேல் தொடமாட்டேன் என்று நேர்ச்சை வைத்தார். நானும் பக்கத்திலேயே நின்று என் பங்குக்குச் சொன்னேன், மாதாவுக்கும் கேட்கட்டும் என்று: "இன்னொரு தபா குடிச்சேன்னு வெச்சுக்கோ, ரெண்டு பொண்ணையும் இட்டுக்கினு எங்கண்ணன் வூட்டுக்குப் போயிட்டே இருப்பேன். திரும்பி வர மாட்டேன்." அதற்கப்புறம் அவர் தொடவில்லை. அல்லது தொடவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேட ஆரம்பித்தேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மோட்டார் ரூமில், அவர் ஷூவுக்குள். கிறிஸ்துமஸ் குடில் சாமான் பெட்டியைக்கூட விடவில்லை, வைக்கோலுக்குள் கையை விட்டுத் துழாவினேன். சூசையப்பர்தான் அகப்பட்டார். சட்டையை மோந்து பார்த்தேன், சோப்பு வாசனை. வாசனையே வராத சரக்கெல்லாம் வந்திருக்கிறது என்று ஆபீசில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஒன்றும் அகப்படவில்லை என்பதால் என் சந்தேகம் குறையவில்லை. ஆள் கெட்டிக்காரன் ஆகிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. சின்னவளுக்கு மூக்கு வரைக்கும் மப்ளர் சுற்றி, எல்லோரும் காலைப் பூசைக்குப் போனோம். நன்மை வாங்குகிற நேரத்தில், சாமியார் கொடுக்கும் அந்த அப்பத்துக்கு, நானும் பெண்களும் கையை ஏந்திக்கொண்டு வரிசையில் போனோம். திரும்பிப் பார்த்தால் இவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டு. எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். பெரிய பாவம் செய்துவிட்டு, சாமியாரிடம் அதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்யாதவன்தான் நன்மை வாங்காமல் உட்காருவான். நேர்ச்சையை முறித்திருக்கிறார். எனக்குப் பொய் சொன்ன வாயால் அப்பத்தில் இருக்கிற ஆண்டவரை வாங்கப் பயம். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எம்.கே.பி. நகரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "பின்னால கீற ரூம ஒழிச்சு வை," என்றேன். "இன்னாத்துக்கு?" என்றான். "வந்து சொல்றேன்," என்று வைத்துவிட்டேன்.

ஆனால் கண்ணால் பார்க்காமல் போகக் கூடாது. பெண்கள் நாளைக்கு என்னைக் கேட்பார்கள். அதனால் மறுநாள் நானே பல்பைப் போட்டேன். வெளியே வாடைக்காற்று ஜன்னல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு டோர்னமெண்டு. எல்லாரும் வலது கையாலதான் ஆடணும். ஜெயிக்கறவங்களுக்கு அச்சுமுறுக்கு மொத ஈடு," என்றேன். சின்னவள் குதித்தாள். பெரியவள் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். அவர், "எனக்கு ஜல்பு புடிச்ச மாதிரி கீது, நான்..." என்று ஆரம்பித்தார்.

"குந்துய்யா," என்றேன்.

உட்கார்ந்தார். சால்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தார், அது நகர்ந்தது. மறுபடி வைத்தார். விரலைச் சுண்டினார். ஸ்ட்ரைக்கர் எந்தக் காயினையும் தொடாமல் பக்கச் சட்டத்தில் இடித்து நின்றது. அடுத்த முறை ஸ்ட்ரைக்கர் நேராகக் குழிக்குள் விழுந்தது.

"நைனா, நீ இன்னா எல்.கே.ஜி. பாப்பா மாதிரி அடிக்கற!" என்று சின்னவள் கைகொட்டிச் சிரித்தாள்.

எனக்கு அடக்க முடியவில்லை. "எவ்ளோ ஊத்திக்கினு வந்து குந்திக்கினு கீற? சொல்லுய்யா! யார டபாய்க்கற? குல்லா இன்னா, சால்வ இன்னா, குளிருதாம், ஜல்பாம்! உன் கை ஆடறது எனக்குத் தெரியாதா? உன்கூட எத்தினி வருசம் மாரடிச்சவ நான்! பொண்ணுங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

சின்னவளின் சிரிப்பு நின்றது. அவர் எழுந்திருப்பார், கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. வலது கையைப் போர்டின் நடுவில், பல்பு வெளிச்சத்தில், மல்லாக்க வைத்தார்.

"பாரு," என்றார்.

நான்கு பேரும் பார்த்தோம். கை சும்மாதான் கிடந்தது. ஆனால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தானாக ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டிருந்தன, வறுத்த வேர்க்கடலையின் தோலை உரிக்கிற மாதிரி. அவர் உரிக்கவில்லை. விரல்களே உரித்துக்கொண்டிருந்தன. அவர் இடது கையால் அதை அமுக்கிப் பிடித்தார். விட்டதும் மறுபடி தொடங்கியது.

"சூடாத்தான கீது போர்டு?" என்றார். "குளிரு இல்ல மே. வெயில்லயும் ஆடிச்சு. டாக்டராண்ட காட்னேன். நரம்பு வியாதியாம், பேரு வாயில நொழையல. மாத்திர துன்னா கொறையும், ஆனா போவாதுன்னாரு."

ஆனாலும் என்னுள் இருக்கிற சந்தேகப் பேய் சும்மா இருக்குமா? "அப்ப நன்மை ஏன் வாங்கல?" என்றேன்.

"கொரோனாவுக்கு அப்பால சாமியாரு கையிலதான குடுக்கறாரு. இந்தக் கையில வாங்கி, கீழ வுழுந்துட்டா இன்னா பண்றது? ஆண்டவராச்சே."

"நாக்க நீட்டி வாங்கறதுதானே?"

"அல்லாரும் கைய நீட்டசொல்ல நான் மட்டும் நாக்க நீட்னா, கையிக்கு இன்னாய்யா ஆச்சுன்னு நீ கேப்பியே."

பெரியவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். சின்னவள் கறுப்பு வெள்ளைக் காயின்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. என்னிடம் மறைத்தாரே! நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா?

"கிரேனு?" என்றேன்.

"மேல ஏறல. முதுகு வலின்னு சொல்லிக்கினு கீழ குந்திக்கினு கீறேன். கீழ ஆளுங்க நிக்கறாங்கோ மே, தலக்கி மேல பெட்டி. இந்தக் கைய வெச்சிக்கினு லீவரப் புடிக்கலாமா? தை பொறந்தா ஹார்பர்ல மெடிக்கலு செக்கப்பு. அதுல தெரிஞ்சிரும். அதுக்குள்ள உனக்கு எப்டி சொல்றதுன்னு பாத்துக்கினு இருந்தேன்."

குடித்தால் திட்டலாம். அண்ணன் வீட்டுக்குப் போகலாம், அவர் வந்து கெஞ்சுவார், மறுபடி மாதா கோயில், மறுபடி நேர்ச்சை. அதற்கெல்லாம் எனக்கு வழி தெரியும். இதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. போர்டைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய் உட்கார்ந்து, அந்தக் கையை என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து இறுக்கினேன். என் பிடிக்குள்ளும் அது ஆடியது.

"யோவ், குடிச்சேன்னு சொல்லுய்யா," என்றேன். "ஒரே ஒரு தபா. நான் திட்டிட்டு வுட்டுர்றேன்."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"குடிக்கல மே," என்றார்.

நான் நம்பினேன்.